“அண்ணை றைற்”: ஆங்கிலச் சொல்லொன்று பெயரான வரலாறு

1. தோற்றுவாய்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கிண்ணியாவை அடுத்து, களப்பின் கரையில் அமைந்துள்ள ஊர் குறிஞ்சாக்கேணி. குறிஞ்சாக் கொடியையும் கேணியையும் ஒருங்கே நினைவூட்டும் இப்பெயர், செடி கொடிகளையும் நீர்நிலைகளையும் கொண்டு ஊருக்குப் பெயரிடும் பழைய வழக்கின் தொடர்ச்சியாகும். இதன் பொருளை அறிய அகராதியே போதும். ஆயின், அதே ஊரவர் நாள்தோறும் வழங்கும் சொற்கள் சிலவற்றுக்கு அகராதி போதாது. ‘பாதை’ என்பது அவற்றுள் ஒன்று. பாதை என்றால் நிலத்திற் செல்லும் வழி என்பது யாவரும் அறிந்தது. கிண்ணியாப் பகுதி மக்களுக்கோ அது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவையையும் குறிக்கும். 2009 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நேர்வழியாகத் திருகோணமலை நகருக்குச் சென்றோர் பாதையிலேயே சென்றனர். 2021 நவம்பர் 23 ஆந் திகதி, குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை நடைபெற்ற காலத்திற் சேவையிலிருந்த படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தபோது, இச்சொல் நாடெங்கும் துயரத்துடன் ஒலித்தது. ஒரு சொல்லின் பொருளை இறுதியில் நிர்ணயிப்போர் அதனைத் தொழிலிலும் வாழ்விலும் கையாளும் மக்களே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வுண்மையை மனங்கொண்டு, பஸ் வண்டிகளில் ஒலிக்கும் பிறிதொரு சொல்லை இக்கட்டுரையில் நோக்க விரும்புகின்றோம். ‘றைற்’ என்பது அச்சொல். பிறப்பால் ஆங்கிலம், வழக்கால் இன்று தமிழ். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பஸ் நடத்துநரின் வாயிற் பயின்று, ‘அண்ணை றைற்’ என்னும் கூற்றாகி, அக்கூற்று ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயராகி, பாத்திரத்தின் பெயர் ஒரு கலைஞரின் பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆங்கிலச் சொல்லொன்று விளையாட்டாகத் தமிழ்ப் பெயராகும் முறைக்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு ஈழத்துத் தமிழில் அரிது. அம்முறை யாது, அதன் பின்னே தொழிற்படும் சமூக உறவுகள் எவை என்பனவற்றை விளக்குவதே எமது நோக்கமாகும்.

2. துறைமுகமும் பெயர்களும்

ஆங்கிலச் சொற்கள் தமிழ்ப் பேச்சினுட் புகுந்த வழிகளை ஆராய்வதற்குத் திருகோணமலை ஏற்ற களமாகும். பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஆம் ஆண்டு வரை அங்கு நிலைகொண்டிருந்தது. கப்பற்பட்டறையிலும் களஞ்சியத்திலும் கந்தோரிலும் வேலை பெற்ற தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஆங்கிலச் சொற்களை நூல்வழியாகவன்றிச் செவிவழியாகவே பெரிதுங் கற்றனர். அதன் சுவடுகளை நகரின் இடப்பெயர்களில் இன்றுங் காணலாம்.

இவ்விடப்பெயர்களை மூவகைப்படுத்தி நோக்கலாம். ஆங்கிலத்திற் ‘சைனா பே’ எனவும் தமிழிற் ‘சீனக்குடா’ எனவும் வழங்கும் இணையிற் பொருள் ஒன்றாக இருக்க ஒலி வேறுபடுகின்றது. இது முதலாவது வகை. ‘மட் கோவ்’ என்னும் ஆங்கிலப் பெயர் ‘மட்கோ’ எனத் தேய்ந்து வழங்குவது இரண்டாவது வகை. இங்கு ஒலி எஞ்சியுள்ளது. சேற்றுக்குடா என்னும் பொருள் பேசுவோர் மனத்தில் இல்லை. ‘ஓர்ஸ் ஹில்’, ‘உவர்மலை’ என்னும் இணை மூன்றாவது வகை. இங்கே ஒலிகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பொருள்களோ முற்றிலும் வேறானவை. ஆங்கிலப் பெயரைக் கேட்போருக்கு ஒரு மனிதரின் நினைவும், தமிழ்ப் பெயரைக் கேட்போருக்கு உப்பின் நினைவும் வருகின்றன. பொருளைப் பெயர்த்தல், ஒலியை ஏற்றல், ஒலிக்குத் தன் மொழியிற் பொருள் காணல் என்னும் இம்மூன்றும் ஆட்பெயர்களுக்கும் பொருந்துவன.

ஆட்பெயர்களில் முதலில் வந்து சேர்ந்தவை பதவிச் சொற்களேயாம். கிளாக்கர், ஓவசியர், அப்போதிக்கரி, போஸ்ற்மாஸ்ரர் என்பன ஈழத்துத் தமிழூர்களில் வெறும் தொழிற்பெயர்களாக நில்லாது ஆளைச் சுட்டும் பெயர்களாயின. ஒருவர் ஓய்வுபெற்று ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் ‘கிளாக்கர்’ என்றே சுட்டப்படுவார். அவர் வாழ்ந்த வீடு ‘கிளாக்கர் வீடு’ ஆகும். இவை மதிப்புப் பற்றி எழுந்த பெயர்கள். ஆங்கிலேயராட்சியில் அரச உத்தியோகம் ஊராருக்கு எத்துணை உயர்ந்ததாகத் தோன்றியதென்பதை இவை காட்டுகின்றன.

இவற்றுக்கு மறுதலையாக அமைவது பட்டப்பெயர். யாழ்ப்பாணத்தார் இதனைப் ‘பட்டந் தெளித்தல்’ என்பர். பதவிப் பெயர் மேலிருந்து வருவது. பட்டப்பெயர் பக்கத்திலிருந்து வருவது. சக மாணவரோ, சக தொழிலாளரோ, தெருவோரத்து நண்பரோ அதனைத் தெளிக்கின்றனர். ஒருவர் அடிக்கடி கூறும் சொல், அவரது நடை, அவர் செய்த தவறு முதலியன அதற்குக் காரணமாகும். வாய்க்கு வாய் ‘ஓல்றைற்’ என்பவரை ஊரார் அச்சொல்லாலேயே அழைக்கத் தலைப்படுவது எங்கும் நிகழக்கூடியது.

இவ்விளையாட்டுத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியக் கடற்படையினரிடையே இவ்வழக்கு மிகுதி. தச்சனைச் ‘சிப்பி’ என்றும், கம்பியில்லாத் தந்தி இயக்குபவனைச் ‘ஸ்பார்க்ஸ்’ என்றும் அவர்கள் அழைத்தனர். மரச்சீவலும் மின்பொறியும் ஆட்களின் பெயர்களாயின. மில்லர் என்னும் குடும்பப் பெயருடையவன் எவனாயினும் அவன் ‘டஸ்ற்றி மில்லர்’ ஆவான். மாவரைப்பவன் மேற் படியும் தூசு பற்றி எழுந்த கேலி அது. தொழிலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து ஆளுக்குச் சூட்டுதல், நெருங்கி வாழ்ந்து கூடி உழைக்கும் மக்களிடையே யாண்டுங் காணப்படும் இயல்பு என்பது இதனாற் பெறப்படும்.

3. ‘றைற்’: ஒலியும் பொருளும்

இனி எமது சொல்லுக்கு வருவோம். எழுத்து நிலையிலேயே இது கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் இதனை ‘ரைட்’ என எழுதுவர். ஈழத்தில் ‘றைற்’ என எழுதுவர். இவ்வேறுபாடு வெறும் எழுத்துப்பழக்கம் அன்று. தமிழின் றகரம் நுனிநா அண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் வல்லினம் எனப் பழைய இலக்கணம் வகுத்துள்ளது. யாழ்ப்பாணத் தமிழில் ‘காற்று’, ‘நேற்று’ முதலிய சொற்களின் இரட்டித்த றகரம் அவ்வல்லொலியை இன்றும் பேணுகின்றது. ஆங்கிலத்தின் ‘ரி’ என்னும் எழுத்தின் ஒலியும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே பிறப்பதால், ஈழத்தவர் செவிக்கு அது றகரமாகவே கேட்டது. தமிழ்நாட்டிற் பெரும்பாலான வழக்குகளில் றகரத்தின் அவ்வல்லொலி மாறிவிட்டமையால், அங்கு டகரம் அவ்விடத்தை ஏற்றது. எனவே, ‘றைற்’ என்னும் எழுத்து வடிவம் பிறமொழிச் சொல்லைத் தன் பேச்சின் ஒலியமைப்பிற் பொருத்திக்கொண்ட முயற்சியின் விளைவு எனலாம்.

மரபிலக்கணத்தின்படி றகரம் சொல்லுக்கு முதலிலும் வாராது, ஈற்றிலும் வாராது. ‘றைற்’ என்பதில் அவ்வெழுத்து இரண்டிடத்திலும் நிற்கின்றது. அன்றியும், முதலில் நிற்கும் றகரம் ஓரொலியையும் ஈற்றில் நிற்கும் றகரம் பிறிதோரொலியையுங் குறிக்கின்றன. இலக்கண நூலாருக்கு இச்சொல் எல்லா வகையாலும் விலக்குக்குரியது. பேசுவோர் அதனை விலக்கவில்லை; ஈற்றிற் குற்றியலுகரம் சேர்த்து ‘றைற்று’ எனவும் பேசித் தமக்கு இசைவாக்கிக்கொண்டனர்.

பொருள்மாற்றம் இதனிலும் சுவையானது. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சரியானது, வலப்பக்கம், உரிமை முதலாய பொருள்கள் உண்டு. பஸ் வண்டியில் இவற்றுள் எதுவும் இல்லை. ஏறுவோர் ஏறினர், இறங்குவோர் இறங்கினர், இனி வண்டியைச் செலுத்தலாம் என்னும் நீண்ட செய்தியை அவ்வோரசைச் சொல் சாரதிக்கு அறிவிக்கின்றது. ‘எல்லாம் சரி’ என்னும் பொருளிலிருந்து ‘புறப்படு’ என்னும் ஏவற்பொருள் கிளைத்துள்ளது. ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத மூதாட்டியும் ‘றைற்’ என்ற ஒலி கேட்டதும் கம்பியை இறுகப் பற்றிக்கொள்வார். அவருக்கு அது ஆங்கிலமாகத் தோன்றுவதில்லை. வண்டி அசையப் போகின்றது என்னும் குறியாகவே தோன்றும். தொழிலிடத்திற் புதுப்பொருள் பெற்றவகையில் ‘பாதை’யும் ‘றைற்’றும் ஒரே இயல்பின.

இலங்கையிற் பஸ் சேவைகள் 1958 சனவரி முதலாந் திகதி தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை நிறுவப்பட்டது. ‘இ.போ.ச.’ என்னும் எழுத்துக்களுடன் கிராமந்தோறும் ஓடிய வண்டிகளால் நடத்துநர் என்பவர் நாடறிந்த மாந்தரானார். பாடசாலை மாணவரும், சந்தைக்குச் செல்வோரும், கந்தோர் ஊழியரும், நோயாளரும் அவரது குரலின் கீழ் நாள்தோறும் கூடினர். சாதியாலும் வகுப்பாலும் பிரிந்திருந்த ஊரார் தோளோடு தோளுரச நிற்க வேண்டியிருந்த பொதுவிடம் பஸ் வண்டி. அவ்விடத்தின் அதிகாரி நடத்துநர்; அவரது ஆணைச்சொல் ‘றைற்’.

ஆயின், அவ்வாணை தனித்து வரவில்லை என்பதே எமது ஆய்வுக்கு முக்கியமானது. வடபகுதி நடத்துநர் ‘அண்ணை றைற்’ என்றார். ‘அண்ணை’ என்பது சாரதியை விளிக்கும் முறைச்சொல். ஆங்கிலச் சொல் ஏவல். தமிழ்ச் சொல் உறவு. ஆணையிடுதலும் மரியாதை செய்தலும் ஒரு மூச்சிலே நிகழ்கின்றன. தமிழ்நாட்டு நடத்துநரின் ‘போலாம் ரைட்’ என்பதை இதனுடன் ஒப்பிடுக. அங்கே தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லின் பொருளையே மீட்டுங் கூறுகின்றது. ஈழத்துக் கூற்றில் தமிழ்ச் சொல் வேறொரு பணியைச் செய்கின்றது. சாரதிக்கும் நடத்துநருக்கும் இடையேயுள்ள தொழிலுறவை உடன்பிறப்புறவாக மாற்றுகின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் தமையனை நானா எனவும் காக்கா எனவும் அழைப்பர். அவ்விளிகள் ‘அண்ணை’ நின்ற இடத்தில் அமைந்தாலும் ‘றைற்’ மாறுவதில்லை. சிங்களம் பேசும் நடத்துநரும் இதே ‘றைற்’றையே வழங்குகின்றார். ஆகவே இக்கூற்றின் முற்பகுதி பேசுவோரின் ஊரையும் சமூகத்தையும் காட்டுவது. பிற்பகுதி நாட்டிலுள்ள பஸ் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவானது.

4. கூற்று பாத்திரமாதல்

பல்லாயிரவர் வாயில் வழங்கிய இக்கூற்றை ஒரு பாத்திரமாக்கியவர் கரவெட்டியைச் சேர்ந்த கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014). இலங்கை வானொலி நாடகங்களிலும் மேடை நாடகங்களிலும் நடித்துப் புகழ்பெற்ற இவர், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ என்னும் வானொலித் தொடரிலும், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ என்னும் திரைப்படத்திலும் நடித்தவர். எனினும், அவரை ஈழத்தின் ஊர்தோறும் அறிமுகப்படுத்தியது ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பே.

தனிநடிப்பு என்னும் வடிவத்தின் தன்மையை இங்கு நினைவுகொள்ளல் வேண்டும். மேடையில் வண்டி இல்லை, சாரதி இல்லை, பயணிகளும் இல்லை. ஒரு நடிகரின் குரலும் உடலசைவுமே நெரிசலையும் தள்ளுமுள்ளையும் படைக்க வேண்டும். அங்ஙனம் படைப்பதற்கு அவையினர் உடனே அறிந்துகொள்ளத்தக்க ஒரு குறி தேவை. ‘அண்ணை றைற்’ என்று கூறிய மாத்திரத்தே அவையினர் மனத்தில் வண்டி வந்து நிற்கின்றது. கூறுபவர் நடத்துநர் என்பது தெளிவாகின்றது. கண்ணுக்குத் தெரியாத ‘அண்ணை’ முன்னிருக்கையில் அமர்ந்துவிடுகின்றார். ஒரு தொடரால் இடமும் தொழிலும் உறவும் நிறுவப்படுகின்றன. வேறெந்தப் பெயரும் அப்பாத்திரத்துக்கு இத்துணைப் பொருந்தியிராது. கந்தையா என்றோ செல்லத்துரை என்றோ பெயரிட்டிருந்தால் அவர் ஒரு நடத்துநராக மட்டும் இருந்திருப்பார். ‘அண்ணை றைற்’ என்றமையால் நடத்துநர் அனைவரதும் பிரதிநிதியானார்.

பின்னர் அப்பெயர் பாத்திரத்தைக் கடந்து நடிகரையும் பற்றிக்கொண்டது. ‘அண்ணை றைற் பாலச்சந்திரன்’ என்பது அவரைச் சுட்டும் வழக்காயிற்று. கனடாவிற் குடியேறிய பின்னரும், தமிழ் பஸ் வண்டிகள் ஓடாத அந்நாட்டில், அப்பெயர் அவருடன் நிலைத்தது. யாழ்ப்பாணத்து வீதிகளைப் பிரிந்து வந்தோருக்கு அதைக் கேட்டல் ஊரைக் கேட்டலாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இவ்வளர்ச்சியைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டு விளக்கலாம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகி வருதலை ஆகுபெயர் என்பர். கூற்று, கூறுபவனுக்குப் பெயராவதும் அவ்வாறான தொடர்பு பற்றியதே. மேலும், பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் எனப் பகுத்தது தமிழிலக்கண மரபு. பட்டப்பெயர் பிறக்கும்போது காரணப்பெயராகவே பிறக்கும். காரணத்தைக் கண்டவர் மறைந்து, கேட்டவர் மட்டும் எஞ்சும்போது அது இடுகுறியாகிவிடும். நடத்துநரின் குரலைக் கேட்டறியாத தலைமுறையினருக்கு ‘அண்ணை றைற்’ என்பதும் அங்ஙனம் ஆகலாம்.

இலக்கிய வரலாற்றில் இதற்குத் தொன்மையான முன்னுதாரணம் உண்டு. சங்கத்தொகைகளைப் பயின்றோர் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் முதலிய புலவர் பெயர்களை அறிவர். இயற்பெயர் தெரியாதவிடத்து, பாடலில் அமைந்த சிறப்பான தொடரொன்றைக் கொண்டு புலவருக்குப் பெயரிடப்பட்டது என்பது அறிஞர் கொள்கை. இவற்றை வழங்கும்போது தொடரையும் அதனைப் படைத்தவரையும் நாம் பிரித்து நினைப்பதில்லை. ‘அண்ணை றைற் பாலச்சந்திரன்’ என்பதும் அம்முறையில் அமைந்ததே. வேற்றுமை ஒன்றுண்டு. பழம்புலவரின் தொடர் அவர் தாமே படைத்தது. பாலச்சந்திரனின் தொடர் தொழிலாளரிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது. சொல் ஆங்கிலமாயினும், பெயரிடும் முறை எமது மரபுக்குப் புதியதன்று.

5. ஒப்புநோக்கு

இவ்விடத்திற் பிற எடுத்துக்காட்டுகளுடன் ஒப்பிடுதல் பயன் தரும். தமிழ்நாட்டு நாடகத்துறையில் நன்கறியப்பட்டது ‘கிரேசி’ மோகன் (1952–2019) என்னும் பெயர். கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்ற இவர், எஸ். வி. சேகரின் நாடகப்பிரியா குழுவினருக்காக ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்னும் நாடகத்தை எழுதினார். 1976 இல் மேடையேறிய அந்நாடகத்தின் தலைப்பிலிருந்த முதற்சொல்லே அவரது பெயரின் முன்னொட்டாயிற்று. 1979 இல் அவர் தொடங்கிய நாடகக்குழுவும் ‘கிரேசி கிரியேஷன்ஸ்’ எனப் பெயர் பெற்றது. தலைப்பில் அவ்வடைமொழி கள்வரைக் கிறுக்கர் எனச் சுட்டியது. வழக்கில் அது கள்வரை விட்டு நீங்கி, அவர்களைப் படைத்தவரைச் சென்றடைந்தது.

கே. பாலச்சந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்திலும் 1966 இல் வெளிவந்த அதன் திரைவடிவத்திலும் தலைமைப் பாத்திரமேற்ற சுந்தரராஜன், ‘மேஜர்’ சுந்தரராஜன் என வழங்கப்பட்டார். ஈண்டு ஒரு படைப்பதவிப் பெயர் அப்பதவியை வகித்திராத நடிகரின் பெயராயிற்று. பாத்திரத்திலிருந்து நடிகருக்கும், தலைப்பிலிருந்து ஆசிரியருக்கும், கூற்றிலிருந்து பாத்திரத்துக்கும் எனப் பெயர் பயணஞ் செய்யும் திசைகள் பலவாதலை இவை காட்டுகின்றன.

ஈழத்திலும் வேறு சான்றுகள் உள. இலங்கை வானொலி நாடகத் தயாரிப்பாளரான சண்முகநாதன், பெயரின் முதலெழுத்தைத் திண்ணைப்பள்ளி முறையில் உச்சரித்த ‘சானா’ என்னும் பெயராலேயே அறியப்பட்டார். அவருடன் இணைத்து நினைவுகூரப்படும் ‘லண்டன் கந்தையா’ என்னும் வானொலி நாடகத்தின் தலைப்பில், உலகத் தலைநகரொன்றும் யாழ்ப்பாணத்துச் சாதாரண மனிதனின் பெயரும் அருகருகே நிற்கின்றன. அவ்வணிமையே நகை விளைப்பது. நகைச்சுவை நடிகர் கனகரத்தினம் ‘டிங்கிரி’ என்னும் சிங்களக் கிராமியப் பெயரால் அறியப்பட்டார். பட்டப்பெயருக்கு வேண்டுவது ஆங்கிலம் அன்று, அயன்மையும் அண்மையும் கலந்த ஓர் ஒலியே என்பதற்கு இது சான்று.

எனினும், ‘கிரேசி’யும் ‘றைற்’றும் ஒரே வகையின அல்ல. சென்னைச் சபாக்களின் அவையினர் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற நடுத்தர வகுப்பினர். தமிழ் நாடகத்துக்கு ஆங்கிலத் தலைப்பிடுவதிலுள்ள குறும்பை அவர்கள் உடனே இரசித்தனர். அங்கே ஆங்கிலச் சொல் தன் பொருளுடனேயே தமிழுக்கு வந்தது. பொருள் தெரியாதவருக்கு நகையில்லை. ‘றைற்’ அவ்வாறன்று. அதன் ஆங்கிலப் பொருள் தெரிய வேண்டியதில்லை. பஸ் வண்டியில் ஏறியிருந்தாற் போதும். முன்னையது கற்றோர் தம்முள் ஆடும் சொல்விளையாட்டு. பின்னையது உழைப்போர் வழக்கிலிருந்து கலைஞர் எடுத்தாண்டது. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது எமது கருத்தன்று. ஆங்கிலச் சொல் பெயராகும்போது, எவ்வகுப்பினரின் அனுபவம் அதனுட் படிந்துள்ளது என்பதை வினவ வேண்டும் என்பதே கருத்து.

6. நகைப்பவர் யார்?

இவ்வினா இலங்கையிற் கனதியானது. இந்நாட்டில் ஆங்கிலம் வெறும் மொழியாக இருந்ததில்லை. பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கிலத்தைச் சிங்களத்திற் ‘கடுவ’, அதாவது வாள், எனக் குறிப்பிடும் வழக்கு உண்டு. அறிந்தவர் கையில் ஆயுதம். அறியாதவர் கழுத்துக்கு ஆபத்து. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா, 1984 இல் வெளியான கட்டுரையொன்றில் இச்சொல்லை முன்வைத்து ஆங்கிலத்தின் அதிகாரத் தன்மையை ஆராய்ந்துள்ளார். அம்மொழிக்கே மாணவர் இட்ட பட்டப்பெயர் ‘கடுவ’ என்பதும் எமது பொருளோடு இயைவதே. தம்மை அச்சுறுத்துவதற்குப் பெயரிட்டு, அதனை நகைப்புக்குரியதாக்கி, அச்சத்தைச் சிறிது தணித்துக்கொள்கின்றனர்.

பட்டப்பெயரின் ஈரியல்பு இங்கே வெளிப்படுகின்றது. வகுப்பறையில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரித்த மாணவனுக்கு அத்தவறே பட்டமாகி வாழ்நாள் முழுதும் தொடர்வதுண்டு. கிராமத்திலிருந்து வந்த அவன் அதற்குப் பின் ஆங்கிலத்தில் வாய் திறவாதிருப்பதும் உண்டு. அங்கே நகைப்பவர் வாளேந்தியவர் பக்கம் நிற்கின்றனர். விளையாட்டு என்பது பெயரளவிலேயே. விளைவு, ஒருவனை அவன் பிறந்த இடத்திலேயே நிறுத்திவைத்தலாகும். பட்டப்பெயர்களைக் கிராமியப் பண்பாட்டின் இனிய கூறுகளாக மட்டும் வருணிப்போர் இப்பக்கத்தைக் காணத் தவறுகின்றனர்.

‘அண்ணை றைற்’ இவ்வகையைச் சார்ந்ததன்று. நடத்துநரின் ஆங்கிலம் பிழையானது என்பது அங்கு நகைக்குக் காரணமன்று. அவர் அச்சொல்லைத் தம் தொழிலில் முழுத் தேர்ச்சியுடன் ஆளுகின்றார். அதன் ஆட்சி அவரிடமே உள்ளது. ஆங்கிலம் கற்ற உத்தியோகத்தரும் அவர் ‘றைற்’ சொல்லும் வரை இருந்த இடத்தில் இருக்க வேண்டியவரே. அவையினர் நகைப்பது அந்நெரிசலில் தாமும் நின்றதை நினைந்து, தம்மையே கண்டு. பிறரைத் தாழ்த்தும் நகைக்கும் தம்மை உணர்த்தும் நகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தனித்தமிழ் நோக்குடையோர் இத்தகைய பெயர்களை அடிமைத்தனத்தின் எச்சங்கள் எனக் கூறக்கூடும். அவர்களது அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. குழந்தைக்குப் பொருளறியாத அந்நியப் பெயரைச் சூட்டிப் பெருமைகொள்ளும் மனப்பான்மை ஆட்சியாளரைப் போலத் தோன்ற விரும்புவதன் விளைவே. ஆயின் சொல்லின் பிறப்பை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தல் பொருந்தாது. திசைச்சொல்லையும் வடசொல்லையும் செய்யுட்குரிய சொற்களுள் வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். வந்த சொல்லை விலக்குவதா ஏற்பதா என்பதற்கு மேலாக, அதனை எவ்வாறு தன்வயமாக்குவது என்பதே அவருக்கு வினாவாக இருந்தது. ‘றைற்’ என்னும் சொல்லுக்குத் தமிழெழுத்து அமைந்தது, ஈற்றுகரம் சேர்ந்தது, புதுப்பொருள் வாய்த்தது, முன்னே ஒரு முறைச்சொல் வந்து நின்றது. இதன் பின்னரும் அதனை அந்நியச் சொல் என்பது, பேசிய மக்களின் உழைப்பைக் கணக்கில் எடாமையாகும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஆங்கிலச் சொல் பெயராகும் முறையை நான்கு நிலைகளாகத் தொகுக்கலாம். முதலாவது, தொழிலிடத்திற் சொல் ஓயாது வழங்கித் தன் அகராதிப்பொருளை இழத்தல். இரண்டாவது, தமிழின் ஒலிக்கும் உறவுமுறைக்கும் இசையக் கூற்றாக உருப்பெறுதல். மூன்றாவது, அக்கூற்று அதனைக் கூறும் மாந்தர் வகைக்குக் குறியாதல். நான்காவது, ஒரு கலைஞரோ ஊராரோ அக்குறியைத் தனியொருவருக்குப் பெயராகச் சூட்டுதல். முதல் மூன்று நிலைகளும் பெயரறியப்படாத பலரின் ஆக்கம். நான்காவதே தனிமனிதர் ஆற்றலால் நிகழ்வது. இலக்கிய வரலாறு பெரும்பாலும் நான்காவது நிலையையே பதிவு செய்கின்றது. முன்னைய மூன்றையும் தேடித் தொகுத்தல் எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

அப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை. திருகோணமலைக் கப்பற்பட்டறையில் ஆங்கிலேயர் காலத்தில் உழைத்தோருட் பலர் மறைந்துவிட்டனர். அவர்கள் தம்முள் வழங்கிய பட்டப்பெயர்கள் எழுத்தில் இடம்பெற்றவை அல்ல. குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களிற் களப்பைக் கடந்து வேலைக்குச் சென்ற முதியோரிடம் இன்று கேட்டாற் சிலவற்றையேனும் பெறலாம். ஊரின் பெயரைத் தேசப்படம் காத்துக்கொள்ளும். பாதையில் நின்று ஒருவரையொருவர் அழைத்த பெயர்களைக் காக்கும் படம் எதுவுமில்லை. அவற்றைக் கேட்டு எழுதுவோர் வேண்டும்.